கம்ப்யூட்டர் ரூம் வாசலில் காணாமல் போன எட்டாம் நம்பர் ஷூ

எங்கள் பழைய கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டர்காரர்களிடம் எதைக் கேட்டாலும் 'டிக்கெட் போடுங்க' என்கிறார்களாம். போன மாதம் ஓய்வு பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த இரண்டு இளைஞர்கள் கையில் வடையை வைத்துக்கொண்டு என்னிடம் புலம்பித் தீர்த்தார்கள். குறையை டிக்கெட்டாக எழுதிப் போட்டு நான்கு நாளாகிறதாம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உங்களைக் காலில் ஷூவோடு இருக்க விட்டிருக்கிறார்களே, அதற்குச் சந்தோஷப்படுங்கள் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற சங்கச் செயலாளர், அதையே சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரையாக எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். எழுதுகிறேன். நான் செய்த திருட்டு உட்பட நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் அருளப்பன். கொரட்டூர்வாசி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஸ்டோர்கீப்பராக ஓய்வு பெற்றேன். முதல் ஐந்து வருடம் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடு, கொடுத்ததை அட்டையில் எழுது. ஒவ்வொரு ராக்கிலும் ஓர் அட்டை தொங்கும். வந்தது, போனது, மீதி என்று மூன்றே கட்டங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் அதைப் பார்த்து ராக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதனால்தானோ என்னவோ, அட்டையை நிறுத்திவிட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. கேன்டீனுக்கு எதிர்ப்பக்கம், மைதானத்தைத் தாண்டி இருந்த பழைய டூல் ரூமை இடித்துவிட்டு, கண்ணாடிக் கதவும் இரண்டு ஏ.சி.யும் வைத்து அதற்கு ஓர் அறை கட்டினார்கள். தூசி பட்டால் மெஷின் செத்துப்போய்விடும் என்று வாசலில் ஒரு பலகை மாட்டி, காலணிகளை வெளியே விடச் சொன்னார்கள். வெறுங்காலோடு, சில்லென்ற இருட்டுக்குள், ஏதோ முனகிக்கொண்டிருந்த பெட்டிக்கு முன்னால் போய் நின்ற பெரியவர்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். நானும் முதல் நாள் சிலுவை போட்டுக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் சேஃப்டி ஆபீஸர் ராஜமாணிக்கம், ஆவடியில் பட்டாளத்து வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆலைக்குள் சேஃப்டி ஷூ இல்லாத கால் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கம்ப்யூட்டர் ரூமுக்குள் ஷூ உள்ள கால் இருக்கக் கூடாது என்பது இவர்கள் சட்டம். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு கோணிச் சாக்கு மிதியடி கிடந்தது. அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நாங்கள் ஷூவை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தோம். ராஜமாணிக்கம் யார் முகத்தையும் பார்த்துப் பேசியவர் இல்லை. குனிந்தே நடப்பார், ஷூவைப் பார்த்தே ஆளைச் சொல்வார். என் பத்தாம் நம்பரைக் கண்டால், தலையை நிமிர்த்தாமலே "இன்னாப்பா அருளப்பா" என்பார்.

அந்த அறைக்கு அதிகாரி பத்மநாபன் சார். கத்திரி வெயிலிலும் மெரூன் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் ஸ்வெட்டரோடு வெளியே வந்து வேர்த்து விறுவிறுத்துக் கேன்டீனுக்குப் போவார். கழற்றினால் சளி பிடித்துவிடுமாம். கோபப்பட்டதே கிடையாது, குரலை உயர்த்தியதும் கிடையாது. எதைக் கேட்டாலும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சிஸ்டம் ஒத்துக்காதேப்பா" என்பார். ஏதோ பெண் வீட்டார் சம்மதிக்கவில்லை என்று சொல்வதுபோல வருத்தமாகச் சொல்வார். எதிர்த்துப் பேச மனசு வராது.

குறை இருந்தால் படிவம் எழுத வேண்டும். மூன்று பிரதிகள். வெள்ளை அவர்களுக்கு, ரோஸ் நமக்கு, மஞ்சள் யாருக்கு என்று கடைசிவரை தெரியவில்லை. ஏழாவது கட்டத்தில் 'பிழை செய்தவர் பெயர்' என்று இருக்கும். காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். கம்ப்யூட்டர் என்று எழுதினாலும் திரும்பி வந்துவிடும். ஆகவே எல்லோரும் தங்கள் பெயரையே எழுதிக் கொடுத்தோம். இப்படிப் பத்து வருடத்தில் அந்தத் தொழிற்சாலையில் நடந்த எல்லாப் பிழைகளுக்கும் நாங்களே பொறுப்பேற்றிருக்கிறோம். பதில் மட்டும் மாறாமல் வரும்: 'தங்கள் புகார் ஆய்வில் உள்ளது.'

ஷூவுக்கு வருகிறேன். ஆளுக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். யாருக்கு எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் லிஸ்ட் சொல்லும். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் வாரா வாரம் அது வரும். லிஸ்டில் பெயர் இல்லாவிட்டால், என் முதுகுக்குப் பின்னால் நாற்பது ஜோடி அடுக்கியிருந்தாலும் கொடுக்கக் கூடாது. ஒருமுறை, ஃபர்னஸ் பக்கம் ஷூ எரிந்துபோய் வந்து நின்ற ஒருவருக்கு இரக்கப்பட்டுக் கையால் எழுதிக் கொடுத்தேன். ஒரு ஜோடி குறைகிறது என்று மெமோ வந்தது. மூன்று மாதம் விசாரித்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் ஸ்க்ராப் யார்டுக்கு மாற்றிவிடுவோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்த யார்டில் இருந்தவை துருவும் இரண்டு நாய்களும்தான்.

அயனம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் துரைக்கண்ணு, லேத் ஓட்டுகிறவர். பதினெட்டு வருட அனுபவம். லேத் ஆட்களை மேய்க்கும் லீட் ஹேண்ட் பதவிக்கு டிரேட் டெஸ்ட் வைத்தார்கள். முந்தைய டெஸ்ட் நடந்து ஆறு வருடமாகியிருந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் எழுத முடியாது. துரைக்கண்ணுவுக்கு நாற்பத்து நான்கு முடியப் போகிறது. இந்தத் தடவை விட்டால், அவர் கைபிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்த ஆளே அவருக்கு மேலே வந்து உட்காருவார்.

டெஸ்டுக்குரிய சீட்டைக் கம்ப்யூட்டர் ரூமில் வாங்கிக்கொள்ள வேண்டும். டெஸ்ட் அன்று காலை துரைக்கண்ணு போனார், ஷூவைக் கழற்றினார், உள்ளே போய்ச் சீட்டை வாங்கினார், வெளியே வந்தார். ஷூ இல்லை. ஒரு மாதம் முன்புதான் என் கையால் கொடுத்த புது ஷூ. யார் போட்டுக்கொண்டு போனார் என்பது இன்றுவரை தெரியாது. நேரே ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார், காலில் சாக்ஸ் மட்டும்.

"அண்ணாத்தே, என் ஷூவ எவனோ மாட்டிகினு பூட்டான். பதினோரு மணிக்கு டெஸ்ட்டு கீது. மெஷின் ஷாப்பு வாசல்ல ராஜமாணிக்கம் நின்னுகினு கீறாரு."

மணி பத்து. லிஸ்டைப் பார்த்தேன். அடுத்த ஷூ பதினோரு மாதம் கழித்து என்று போட்டிருந்தது. ஷிப்டில் இருந்த மற்றவர்களின் ஷூவெல்லாம் அவரவர் காலில். என்னுடையதைக் கழற்றி, முன்பக்கம் எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்டை அடைத்து அவர் காலில் மாட்டிப் பார்த்தேன். எட்டாம் நம்பர் கால் அதற்குள் காணாமல் போய்விட்டது. நான்கு அடி நடந்தார், ஷூ மூன்று அடிதான் வந்தது. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினோம்.

பத்மநாபன் சார் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார். படிவத்தை எடுத்தார். ஷூவை மாற்றும் காரணத்துக்கு எண் போட வேண்டும். தேய்ந்தது, கிழிந்தது, எரிந்தது, எண்ணெயில் ஊறியது என்று எட்டு காரணங்கள் இருந்தன.

"காணாமப் போனதுக்கு நம்பர் இல்லையேப்பா. சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் ஷூ காணாமப் போகாது."

"கிழிஞ்சதுன்னு போட்டுக்குங்க சார்" என்றேன்.

"கிழிஞ்ச ஷூவ ஒப்படைக்கணுமே."

ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அது போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கையால் எழுதினால் அது தகவல் ஆகாதே என்று அவரும் வருத்தப்பட்டார். துரைக்கண்ணு என் பின்னால் நின்று கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராத மனிதர், அழுதுவிடுவார் போல இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை ஓர் உதை விட்டிருப்பேன், காலில் ஷூ இருந்திருந்தால்.

வெளியே வந்தோம். மணி பத்து ஐம்பது. வாசலில் ஒரு ஷூ ஸ்டாண்ட். அதன் மேல் தட்டில் 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்று எழுதி, பத்மநாபன் சாருடைய சேஃப்டி ஷூ இருந்தது. நாள் முழுக்க வாசலிலேயே கிடப்பதால் பளபளவென்று புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது. எட்டாம் நம்பர். என் கையால் கொடுத்ததுதான், எனக்குத் தெரியாதா. அதை எடுத்துத் துரைக்கண்ணு கால் பக்கத்தில் வைத்தேன்.

"வோணாம்ணா. உன்னிய யார்டுக்குத் தூக்கி அட்ச்சிருவானுங்க."

"போட்டுக்கிட்டு ஓடு. மீதியை நான் பாத்துக்கறேன்."

அவர் போட்டுக்கொண்டு ஓடினார். பிறகு நடந்ததை அவர் எனக்குச் சொன்னார். மெஷின் ஷாப் வாசலில் ராஜமாணிக்கம் வழக்கம்போல் குனிந்து நின்றிருக்கிறார். பளபள ஷூ வந்ததும் விறைத்து நின்று, "வணக்கம் பத்மநாபன் சார், இந்தப் பக்கமெல்லாம் வரவே மாட்டீங்களே" என்றிருக்கிறார். துரைக்கண்ணு அதிகாரி மாதிரி "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஸ்டோர்ஸுக்குத் திரும்பிப் பன்னிரண்டரை வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்டர்காம் அடித்தது. பத்மநாபன் சார்.

"அருளப்பன், என் ஷூவ காணோம்பா. ஒரு ஜோடி அனுப்பி வை."

என்னை எந்தச் சாத்தான் பிடித்துக்கொண்டதோ தெரியவில்லை. லிஸ்டைப் பிரித்தேன். "உங்களுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே சார்" என்றேன்.

"அதான் காணாமப் போயிடுச்சுன்னு சொல்றேனே."

"காணாமப் போறதுக்கு நம்பர் இல்லை சார். சிஸ்டம் ஒத்துக்காதே."

அவர் போனை வைத்துவிட்டார். முதலில் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோய் வெட்கமாக இருந்தது. மைதானத்தைத் தாண்டாமல் அவர் கேன்டீனுக்குப் போக முடியாது, ஷூ இல்லாமல் மைதானத்தைத் தாண்ட முடியாது. மனிதர் பட்டினி. என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன், வாசலில் ஷூவைக் கழற்றினேன், உள்ளே போனேன். அங்கே வேலை பார்த்த இரண்டு பெண் ஆபரேட்டர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் தின்பண்டத்துக்குத் தடை என்று இன்னொரு பலகை உண்டு. அதன் கீழேயே உட்கார்ந்து இருவரும் புளிசாதத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார்: "சாக்ஸோடயே கேன்டீனுக்குப் போயிடலாம்னு இறங்கினேன். ராஜமாணிக்கம் மறிச்சுட்டார். யாருய்யா நீ, வெளியாளாங்கறார். நான்தான் பத்மநாபன்னு சொன்னா நம்பலை. அவர் அப்பவே மெஷின் ஷாப்புக்குள்ள போயிட்டாரேங்கறார். பேர் தெரியாத நபர், நீல சாக்ஸ்னு நோட்டுல எழுதிக்கிட்டார்."

நான் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். அவர் அப்பளத்தை உடைத்தார்.

"டெஸ்ட் எத்தனை மணிக்கு முடியும்?"

"ரெண்டரைக்கு சார்."

"அப்ப ரெண்டரை வரைக்கும் என் ஷூ காணோம். அதுக்கப்புறம் கிடைச்சுடும்."

இந்த மனிதரைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். தைரியம் வந்து கேட்டேவிட்டேன்: இவ்வளவு நல்லவர், காலையில் ஒரு காரண எண்ணை மாற்றிப் போட்டிருக்கக் கூடாதா? அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெங்களூர்ல ஆறு வாரம் ட்ரெயினிங். மூணாவது வாரம் பேர் சேர்க்கிறது, நாலாவது வாரம் லிஸ்ட் எடுக்கறது. போட்டதை மாத்தறதும் அழிக்கறதும் அஞ்சாவது வாரம். அந்த வாரம் எனக்கு மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரில படுத்திருந்தேன். திரும்பி வந்து யார்கிட்ட போய்க் கேக்கறது? இவ்வளவு பெரிய மெஷினை வாங்கி என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. தெரியாதுன்னா சொல்ல முடியும்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் புகார்கள் ஏன் ஆய்விலேயே இருந்தன, யார் பெயரிலாவது ஒரு தப்பு விழுந்தால் ஏன் அது நிரந்தரமாக நின்றது என்பதெல்லாம். ஒரு மஞ்சள்காமாலை எண்ணூறு பேரை ஒற்றைக் காலில் நிற்க வைத்திருக்கிறது. சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"புதுசா ஒரு காரணம் சேர்க்க முடியும் இல்லையா சார்? அது மூணாவது வாரப் பாடம்தானே?" என்றேன்.

யோசித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் தட்டினார். ஒன்பதாவது காரணம்: காணாமல் போனது. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பதிவு வேண்டுமே. எட்டாம் நம்பர் ஷூ, ஒரு ஜோடி, காணாமல் போனது என்று போட்டார். பொறுப்பு யார் என்று கேட்டது. "உன் பேரைப் போடறேன், சும்மா பரீட்சைக்குத்தான்" என்றார். போட்டார். மெஷின் ஏற்றுக்கொண்டது. அழிக்கத் தெரியாது என்பது இருவருக்கும் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

இரண்டே முக்காலுக்கு ஷூ மேல் தட்டுக்குத் திரும்பியது. எண்ணெய் தோய்ந்து, அடிப்பக்கமெல்லாம் இரும்புத்தூள் குத்தி, ஒரே நாளில் உழைப்பாளி ஷூவாகியிருந்தது. பத்மநாபன் சார் ஐந்து மணிக்கு அதை மாட்டும்போது நாடாவில் ஒரு சுருள் சிக்கியிருப்பதைப் பார்த்தார். லேத்தில் இரும்பைச் சீவும்போது வருமே, நீலம் பாய்ந்த சுருள், அதுதான். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். துரைக்கண்ணு டெஸ்டில் முதலாவதாக வந்தார். அவருக்குப் புது ஷூ ஒன்பதாம் காரணத்தின் கீழ் முறைப்படி கொடுத்தேன். அந்த ஞாயிறு கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் திருட்டைச் சொன்னேன். சாமியார் நெடுநேரம் இருமினார். ஷூ உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். சேர்ந்தது சாமி, ஆனால் அழுக்காக, என்றேன்.

இதனால் கம்ப்யூட்டர் ரூம் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் சிஸ்டம் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை, மஞ்சள் பிரதி எங்கோ போய்க்கொண்டே இருந்தது. ஏன் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூச்சு விடவில்லை. இப்போது எழுதட்டுமா என்று பத்மநாபன் சாரைப் போனில் கேட்டேன். எழுது, மூன்று பிரதி எடுத்துக்கொள் என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓய்வு பெற்ற நாள். எல்லாப் பிரிவிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியாகக் கம்ப்யூட்டர் ரூம். பத்தாம் நம்பரைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பத்மநாபன் சாருக்குத் தலை நரைத்திருந்தது, ஸ்வெட்டர் வெளுத்திருந்தது. என் எண்ணைத் தட்டினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"உன் பேர்ல ஒரு ஜோடி ஷூ பாக்கி காட்டுதே அருளப்பா. எட்டாம் நம்பர். காணாமல் போனது."

"அழிச்சுடுங்க சார்."

"அஞ்சாவது வாரம்பா" என்றார்.

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். ஆபரேட்டர்கள் இருவரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அவர்கள் கேட்டதில்லை. கடைசியில் பேனாவை எடுத்து என் தாளில் 'பாக்கி ஏதும் இல்லை' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையால் எழுதினால் தகவல் ஆகாதே சார் என்றேன். ஆகாதுதான் என்றார். ஒரு நிமிஷம் இரு, வந்துவிடுகிறேன் என்று எழுந்து வெளியே போனார்.

ஐந்து நிமிடமாயிற்று. பத்து நிமிடமாயிற்று. வெளியே வந்து பார்த்தேன். என் ஷூ இல்லை. தூரத்தில் கேட் பக்கமாக ஒரு மெரூன் ஸ்வெட்டர் என் பத்தாம் நம்பரில் சளக் சளக் என்று இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தது. மாலையோடு காத்திருந்த துரைக்கண்ணு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மிதியடியின் மேல் ஒரு படிவம் இருந்தது. வெள்ளை, ரோஸ், மஞ்சள், மூன்று பிரதிகளும். ஓரத்தில் குண்டூசியால் ஓர் இரும்புச் சுருள், துருவேறாமல் எண்ணெய் தடவி வைத்தது, குத்தியிருந்தது. பொருள்: ஷூ, பத்தாம் நம்பர். காரணம்: ஒன்பது. ஏழாவது கட்டத்தில், பிழை செய்தவர் பெயர் என்ற இடத்தில், பத்து வருடத்தில் முதல் தடவையாக, எஸ். பத்மநாபன் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

தார் ரோடு சுட்டது. சாக்ஸோடு அம்பத்தூர் ஸ்டேஷன் வரை நடந்தேன், கழுத்தில் மாலையோடு. அந்தப் படிவம் இன்னும் என்னிடமே இருக்கிறது, மூன்று பிரதியும். கொடுக்கவே இல்லை. கொடுத்தால் ஆய்வில் போட்டுவிடுவார்கள்.